முத்திரையின் விலை

ஒருவர் தம் பொருளை விற்கலாம், உழைப்பையும் விற்கலாம். பிறர் தம்மீது வைத்த நம்பிக்கையை விற்கலாமா? ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக் குழாய்களைப் பற்றி ஏற்பட்டுள்ள ஒரு வழக்கம் இக்கேள்வியை எழுப்புகின்றது.

அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் வீதியின் கீழ் ஓடும் பெருங்குழாய் நகரத்துக்கு உரியது. அதிலிருந்து பிரிந்து வரும் கிளைக்குழாயோ வீட்டுக்காரருக்கு உரியது. நியூயார்க்கில் வீதிக்கு அடியிலுள்ள கிளைப்பகுதியும் அவர் பொறுப்பே. அது பழுதுற்றால் மண்ணைத் தோண்டிச் சீர்செய்ய ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். மாதந்தோறும் சிறுதொகை பெற்று, அப்பழுதைத் தம் செலவில் நீக்கித் தருவதாகக் கம்பெனிகள் உறுதி கூறுகின்றன. நியூயார்க் நகரம் 2013-இல் இத்தகைய திட்டமொன்றைத் தனியார் கம்பெனி வாயிலாகத் தொடங்கிற்று. கட்டணத்தைத் தண்ணீர்ப் பில்லிலேயே சேர்க்கவும் ஏற்பாடாயிற்று. வேறு பல நகரங்கள் தம் பெயரையும் முத்திரையையும் கம்பெனியின் கடிதத்தில் பொறிக்க இசைந்து, வருவாயில் ஒரு பங்கும் பெறுகின்றன.

இதில் நன்மையே இல்லையென்று கூறோம். விருப்பமுள்ளோரே சேர்கின்றனர். திடீர்ச் செலவால் கடன்படும் குடும்பத்துக்கு இஃது ஓர் ஊன்றுகோல். ஆயினும் முத்திரை கண்ட மூதாட்டி ஒருத்தி, அக்கடிதத்தை வியாபாரியின் அழைப்பென எண்ணுவாளா, நகரத்தின் கட்டளையென எண்ணுவாளா? சாமி படம் ஒட்டிய உண்டியலில் கேள்வியின்றிக் காசு போடும் நம்மவர்க்கு விடை தெரியும்.

முத்திரை மன்றத்தாரின் சொத்தன்று. வரி கொடுக்கும் மக்களின் சொத்து. அதை வாடகைக்கு விட்டுப் பங்கு பெறும் மன்றம், நாளை கம்பெனி வாக்குத் தவறினால் எம்முகத்தோடு நியாயம் கேட்கும்? நடுவராய் நிற்க வேண்டியவர் கூட்டாளியாகிவிட்டாரே!

இன்னொன்றும் எண்ணுக. எது வீட்டுக்காரர் பொறுப்பு, எது நகரத்தின் பொறுப்பு என்னும் எல்லை மனிதர் வகுத்ததே. நியூஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரில், 2019 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகளில், சுமார் 23,000 ஈயக் குழாய்களை வீட்டுக்காரரிடம் காசு பெறாமலே மாற்றினர். ஈயம் நஞ்சு, ஆகவே பொதுக்கேடு. ஒழுகும் குழாய் தனிக்கேடு என்பர். உண்மையே. எனினும் மக்கள் நலம் வேண்டுமிடத்து எல்லை நகரும் என்பதை அது காட்டிற்று.

ஆதலின் நகரம் செய்யத்தக்கது யாது? தானே பொறுப்பேற்க இயலாதாயின், கம்பெனியை ஆராய்ந்து பரிந்துரைக்கட்டும். ஆனால் பங்கு பெறலாகாது. "இது கட்டாயமன்று, இன்னின்ன பழுதுக்கு இதில் இடமில்லை" என்று கடிதத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் சொல்லட்டும். மக்களும் முத்திரையை வணங்காது வாசகத்தைப் படிக்கக் கற்கட்டும். நம்பிக்கை ஒருமுறை விலைபோய்விட்டால், பின்னர் வரும் மெய்யான அறிவிப்பையும் மக்கள் ஐயுறுவர். அந்நட்டத்தை எந்தப் பங்கும் ஈடு செய்யாது.