சரணாகதியும் உழைப்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ரக்ஷகன் எம்பெருமான் ஒருவனே என்பது ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தம். அங்ஙனமாயின் மனிதன் பாடுபடுவது எதற்காக? சரணம் புகுந்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடலாமா? இவ்வினாவிற்கு விடை ஏட்டில் மட்டுமன்றி ஏரிக்கரையிலும் இருக்கிறது.

உடையவர் பெரிய நம்பிகளிடம் மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்ற மதுராந்தகத்தில், ஸ்ரீ கோதண்டராமன் ‘ஏரி காத்த ராமன்’ என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியிருக்கிறான். 1798-ஆம் ஆண்டில் பெருமழையால் ஏரி உடையும் நிலை வந்தபோது, கலெக்டர் லயனல் பிளேஸ் துரை வில்லேந்திய வீரர் இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்பதும், கரை நிலைத்தபின் ஜனகவல்லித் தாயார் ஸந்நிதித் திருப்பணிக்கு உதவினார் என்பதும் ஸ்தல ஐதிஹ்யம்.

அந்த ஓர் இரவு புகழ் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் கழிந்த எண்ணற்ற பகல்களைப் பேசுவோர் அரியர். தொண்டை நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஏரியில் தேக்கினால்தான் பயிர் விளையும். மண்கரையோ ஒவ்வொரு மழையிலும் கரையும். ஏரியும் வண்டலால் தூர்ந்துபோகும். ஆகவே ஊரார் ஒன்றுகூடி வண்டல் அள்ளுவதும், கரையை உயர்த்துவதும், வாய்க்காலைச் செப்பனிடுவதும் குடிமராமத்து எனும் வழக்கமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டில் இவ்வழக்கத்திற்குச் சட்டமே இயற்றப்பட்டது. ஒருவன் வராது நின்றால் கடைமடையில் உள்ளவன் வயலும் காயும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மண் சுமந்தோர் அனைவருக்கும் நிலம் இருந்ததில்லை. பிறர் வயலுக்காகக் கூடை சுமந்து, களத்தில் சிறு கூலி பெற்றுச் சென்ற குடும்பங்கள் பல. பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு உழைப்பின் பெருமையைப் பேசுவது தர்மமாகாது.

ஸ்ரீமத் பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் எச்செயலுக்கும் காரணங்கள் ஐந்து என்கிறான் கண்ணன். உடல், ஜீவன், இந்திரியங்கள், பிராணனின் செயல்கள், ஐந்தாவதாகத் தைவம். அத்தைவம் அந்தர்யாமியான பரமாத்மாவே என்பது எம்பெருமானாரின் பாஷ்யம். ஐந்தாவது காரணம் பிரதானமாயினும் ஏனைய நான்கையும் அது தள்ளிவிடவில்லை. ஆகையால் பிரபந்நன் விடவேண்டியது உழைப்பையன்று. ‘நானே காத்தேன்’ என்னும் அகங்காரத்தையும், ‘என்னுடையதே’ என்னும் மமகாரத்தையும், பலனில் உள்ள பற்றையுமே விடவேண்டும். இதுவே ஸாத்விக தியாகம். மமகாரம் உண்மையாகவே ஒழிந்தால், உடன் சுமந்தவனுக்கு உரிய பங்கைக் கொடுக்கவும் கை தானே நீளும்.

வில்லேந்திய இருவரும் நின்றது பல கைகள் எழுப்பிய கரையின்மேல்தான். கரையே எழுப்பாத ஊரில் அவர்கள் காப்பதற்கு ஏது? திருத்தேரின் வடம் பற்றும் ஸேவார்த்திகள் இதனை எளிதில் உணர்வர். தேரை நடத்துகிறவன் எம்பெருமானே. ஆயினும் ஒருவரும் வடத்தை விடுவதில்லை. ஊர் திரும்பியபின் தத்தம் ஏரி, குளம், வாய்க்காலிலும் அவ்வாறே ஒருங்கே கை வைப்பது உத்ஸவத்தின் பலனாகும்.

சுபம்.