குறியும் குற்றமும்

குறியையே குற்றமெனக் கொள்வது மனித இயல்பு. விரைந்து முடிவுகாண விழையும் உள்ளத்திற்குக் கண்முன் தோன்றும் அடையாளமே போதுமானதாகி விடுகிறது. இவ்வியல்பின் விளைவைத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று, கார் பழுதுபார்க்கும் பட்டறை.

இக்காலக் கார் தன் குறையைத் தானே அறிவிக்கும் ஆற்றல் பெற்றது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வடிவங்கள் தொடங்கிக் கார்களுக்குப் பொதுவான பழுதறி முறை கட்டாயமாக்கப்பட்டது. எஞ்சினை ஆளும் கணினி, உணரிகள் அனுப்பும் மின்னழுத்தத்தை ஓயாது கண்காணிக்கிறது. அளவு வரம்பு மீறினால் ஓரெழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீட்டைப் பதிந்து, எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. 16 முனை இணைப்பில் சோதனைக் கருவியைப் பொருத்தி அதனைப் படிக்கலாம்.

ஆயின், அக்குறியீடு சொல்வது யாது? 'இந்த உணரி கெட்டது' என்று அது தீர்ப்பளிப்பதில்லை. 'இந்தச் சுற்றில் மின்னழுத்தம் குறைந்துள்ளது' என்று சாட்சி மட்டுமே சொல்கிறது. காரணம் உணரியிலோ, கம்பியிலோ, துருவேறிய இணைப்பிலோ இருக்கலாம்.

பல கார்களில் சில உணரிகள் 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரே வழியில் பகிர்ந்து கொள்கின்றன. அவற்றுள் குளிரூட்டியின் அழுத்த உணரி உள்ளே பழுதுற்று, அம்மின்சாரத்தை வண்டியின் உடலோடு கலக்கவிட்டால், அவ்வழி முழுவதும் மின்னழுத்தம் வீழ்கிறது. குறையற்ற உணரிகளின் மீதும் குறியீடுகள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றுபவர் பொருளைச் செலவழித்துப் பழுதை விட்டுவைக்கிறார். முறையறிந்தவரோ மின்னளவியை அவ்வழியில் வைத்து, உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். எதனைக் கழற்றியதும் 5 வோல்ட் மீள்கிறதோ, அதுவே காரணம். எதனைக் கழற்றியும் மீளாவிடின் கம்பியையும் கணினியையும் ஆராய்கிறார்.

'குறியீடு காட்டிய பாகத்தை மாற்றினேன், பொய் சொல்லவில்லையே!' என்று முன்னவர் வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. சோதனைக்கு நேரம் வேண்டும், வண்டிக்காரருக்கோ அவசரம். சில வேளைகளில் ஊகமும் பலிக்கிறது. ஆயினும், பட்டறைக்கு வருபவர் விலை கொடுப்பது பாகத்திற்கு மட்டுமன்று, அறிவிற்கும்தான். ஊகித்தல் குற்றமன்று, ஊகத்தைத் துணிபென்று விற்பதே குற்றம். 'இஃது என் கணிப்பு. தவறவும் கூடும்' என்று கூறிவிட்டால், முடிவு செய்யும் உரிமை உரியவரிடமே தங்குகிறது.

இதனினும் கொடியது, பழுதை அப்படியே விட்டுக் குறியீட்டை மட்டும் அழிப்பது. விளக்கு அணைகிறது, வண்டி விலைபோகிறது. இதனைத் தடுக்கவே கலிபோர்னிய மாநில விதிகள் 2010ஆம் ஆண்டு வடிவங்களிலிருந்து படிப்படியாக நிலைக்குறியீடு என்பதைப் புகுத்தின. கருவியாலோ, பேட்டரியைக் கழற்றுவதாலோ அது அழியாது. கார் ஓடித் தன்னைத் தானே சோதித்து, பழுது நீங்கியதை உறுதி செய்தபின்னரே மறையும். குறையை மறப்பது வேறு, களைவது வேறு என்பதை ஓர் இயந்திரத்திற்குக் கற்பிக்க வேண்டிய நிலை மனிதனால் வந்தது.

நோயையும் அதன் முதலையும் தீர்க்கும் வழியையும் முறையே நாடச் சொன்ன வள்ளுவர் நெறி, மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. பள்ளியில் இடப்படும் மதிப்பெண்ணும் ஒருவகைக் குறியீடே. ஒரு மாணவன் தவறினால் அவனிடம் காரணத்தைத் தேடலாம். ஒரே வகுப்பில் பலர் ஒரே வினாவில் தவறும்போது, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் சிவப்புக் கோடிடுமுன், அவர்கள் அனைவருக்கும் பொதுவாய் அமைந்த வழி எதுவென்று பார்ப்பதே முறை. அவ்வழி பாடநூலாக இருக்கலாம்; வினாத்தாளாக இருக்கலாம்; கற்பித்தலாகவும் இருக்கலாம்.