வேல் மாட்டிய வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்ததே, ஏன்?

ஓம் சரவணபவ.



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் இது. மழை வருவதற்கு முன்னால், நம்ம செவ்வாய்க்கிழமை தியானக் குழுவில் பலர் மனசுக்குள் வைத்திருந்தும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியை இன்றைக்குப் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். "தினமும் முருகனை நினைச்சு உட்கார்ந்தவங்க வீட்டுக்குள்ளயும் வெள்ளம் வந்துச்சே, ஏன்?"

நான் குருவும் இல்லை, ஓதுவாரும் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற முண்டியம்பாக்கத்துப் பையன். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுமையாகப் படிக்கணும்.

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 நவம்பர் 7-ஆம் தேதி சூரசம்ஹாரம். ஆறு நாள் விரதம் இருந்து, பால் பழத்தோடு நாளை ஓட்டி, நம்ம குழுவில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் விரதம் முடித்தார்கள். சரியாக 23 நாள் கழித்து, நவம்பர் 30-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த புயல் நகர்ந்து போயிருந்தால் கூடப் பரவாயில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரக் கணக்கில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே அதிகம் பெய்த இடம் அதுதான்.

கவனியுங்கள். மயிலம்! முருகனுடைய சொந்த மலை.

அதோடு முடியவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை இரண்டு கரையையும் தாண்டி ஊருக்குள் ஓடியது. அரசூர் பக்கம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஆறாகிவிட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். கரும்பு சாய்ந்தது, நெல் மூழ்கியது, கட்டியிருந்த மாடு கட்டின இடத்திலேயே போச்சு.

அந்த வாரம் நம்ம வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "எங்க வாசல்ல வேல் மாட்டியிருக்கோம், தண்ணி படியோட நின்னுடுச்சு, முருகன் காப்பாத்திட்டான்" என்று ஒருவர் போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தப்பித்தவர் நன்றி சொல்வது நியாயம்தானே?

ஆனால் அதே குழுவில் இருந்த ஒரு அக்காவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்திருந்தது. அவர் வாசலிலும் வேல் இருந்தது. ஒரு பக்கச் சுவர் விழுந்தது, இரண்டு கறவை மாடு போனது. நடக்க முடியாத மாமியாரைக் கட்டிலோடு தூக்கி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் அந்த அம்மா தவறிட்டாங்க. அதன்பிறகு அக்கா தியானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். தை மாசம் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டபோது சொன்னார்:

"தம்பி, நானும் ஆறு நாள் விரதம் இருந்தேன். நானும் கண்ணை மூடித்தான் உட்கார்ந்தேன். அவங்க வீடு தெரிஞ்ச முருகனுக்கு என் வீடு மட்டும் தெரியலையா? இல்ல, நான்தான் சரியா கும்பிடலையா?"

இந்த இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மாடு போன துக்கம் ஒன்று, மாமியார் போன துக்கம் ஒன்று. இதற்கு மேல் 'என் பக்தி போதவில்லை' என்கிற மூன்றாவது துக்கத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்டோம். முதல் இரண்டும் புயல் கொடுத்தது. மூன்றாவது நாம் கொடுத்தது.

நம்ம பக்கம் வழக்கமாகச் சொல்கிற சமாதானங்கள் என்னென்ன? பூர்வஜென்ம வினை என்போம். முருகன் சோதிக்கிறான் என்போம். இன்னும் ஆழமாகத் தியானம் செய்திருக்கணும் என்போம். சொல்கிறவர் எப்போதும் நனையாத வீட்டில் இருப்பார். எந்த ஜென்மத்து வினைக்கு எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் என்று கணக்குப் பார்க்கிற அதிகாரத்தை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமி. அன்றைக்குத் திருச்செந்தூர் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. செந்திலாண்டவன் கடலைத் தள்ளி நிறுத்தினான் என்று இன்றைக்கும் பகிர்கிறோம், மெய்சிலிர்க்கிறோம். நானும் அவனை வணங்குகிறவன்தான். ஆனால் அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நாகப்பட்டினத்துக்கு ரொம்பப் பக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது. திருச்செந்தூரில் சூரனை வெல்வதற்கு முன்னால் முருகன் தாயிடம் வேல் வாங்கிய தலம். அந்த நேரத்தில் சிங்காரவேலர் திருமேனியில் வியர்வை அரும்பும் என்று பக்தர்கள் கூடி நிற்கும் தலம். வேல் வாங்கின ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, வேலை எறிந்த ஊரை மட்டும் காப்பாற்றுவானா குமரன்? இலங்கைத் தீவு குறுக்கே கிடப்பதால் மன்னார் வளைகுடாப் பக்கம் அலையின் வேகம் குறைந்தது என்று பூகோளம் சொல்கிறது. அந்தப் பதிலை ஏற்பதால் பக்தி குறையாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'உன் ஊர்மேல் அவனுக்குக் கருணை இல்லை' என்று சொன்னால்தான் குறையும்.

ஃபெஞ்சல் மழையிலேயே திருவண்ணாமலையைப் பாருங்கள். டிசம்பர் 1-ஆம் தேதி சாயங்காலம் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மலையையே சிவம் என்று சுற்றி வருகிறோம், அருணகிரிநாதருக்கு முருகன் அருளிய ஊர் என்று போற்றுகிறோம். அந்த மலையடிவாரத்திலேயே இது நடந்தது. அந்தக் குழந்தைகள் என்ன தப்பு செய்தார்கள் என்று யாராவது விளக்கம் சொல்ல வந்தால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்படியென்றால் தியானம் எதற்கு?

அதே அண்ணாமலையில் 1896-இல் வந்து உட்கார்ந்து, 1950-இல் உடலை விடும்வரை அந்த ஊரை விட்டுப் போகாதவர் ரமண மகரிஷி. தியானம் என்றால் நம்ம காலத்தில் அவரைவிடப் பெரிய உதாரணம் சொல்ல முடியாது. 1905-இல் திருவண்ணாமலையில் பிளேக் நோய் பரவி ஊரே காலியானபோது அவரும் கூட இருந்தவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, ஊருக்கு வெளியே பச்சையம்மன் கோயிலில் ஆறு மாதம் போலத் தங்கினார்கள். 'தியானம் செய்கிறோம், நோய் நம்மைத் தொடாது' என்று இருந்த இடத்திலேயே இருந்துவிடவில்லை.

பிறகு 1922. மலைமேல் இருக்கிற ஸ்கந்தாசிரமத்தில் அவருடைய தாயாருக்குக் கடைசி நாள். மகனுடைய தவத்தால் தாய்க்கு மரணம் வராமல் நின்றுவிடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, மூச்சு அடங்கும்வரை பல மணி நேரம் அப்படியே இருந்தார். அத்தனை வருஷத் தியானமும் அந்த இரண்டு கையில் இருந்தது என்று நான் நினைக்கிறேன். மரணத்தை அவர் தடுக்கவில்லை. தாயைத் தனியாக விடவும் இல்லை.

என் வேலையிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். கம்பெனிகளில் சில மாதத்துக்கு ஒருமுறை சர்வர் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்போம். யார் யாரைக் கூப்பிடணும், பேக்கப் எங்கே இருக்கு, எதை முதலில் எழுப்பணும் என்று செய்து பார்ப்போம். அந்த ஒத்திகையால் சர்வர் விழாமல் இருக்காது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நிஜமாகவே விழுந்தால், பதற்றத்திலும் கை தன் வேலையைச் செய்யும். தினம் இருபது நிமிஷம் 'சரவணபவ' என்று மனசைத் திரும்பத் திரும்பப் பிடித்து உட்கார வைப்பதும் இப்படி ஒரு ஒத்திகைதான். வெளியே இடி இடிக்கும்போது உள்ளே ஒருவர் நிதானமாக இருந்தால்தான் கட்டிலை யார் பிடிப்பது, மாட்டை யார் அவிழ்ப்பது என்று சொல்ல ஆள் இருக்கும்.

முருகன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கு? 'யாமிருக்க பயமேன்.' 'யாமிருக்க மழையேன்' என்று எழுதவில்லை. அவன் கொடுத்த வாக்கு பயத்தைப் பற்றியது. நாம்தான் அதை வானிலை அறிக்கையாக மாற்றிப் படித்துவிட்டோம்.

இப்போது மயிலத்துக்கு வருவோம். தலபுராணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போரில் தோற்ற சூரபத்மன் 'உனக்கு வாகனமாக இருக்கணும்' என்று வேண்டினான். மயில் வடிவ மலையாக இருந்து தவம் செய் என்றான் முருகன். அந்த மலைதான் மயிலம். அங்கே பாலசித்தரும் தவம் இருந்து முருகனோடு கலந்ததாகச் சொல்வார்கள். அவர் சன்னதியில் கும்பிட்டுவிட்டுத்தான் பலரும் முருகனைப் பார்க்கப் போகிறார்கள்.

எத்தனையோ முறை படியேறியிருக்கிறேன், ஃபெஞ்சலுக்குப் பிறகுதான் எனக்கு இது உறைத்தது. நம்ம மாவட்டத்து முருகன் கோயில் நிற்பதே ஒரு தவத்தின் மேல். அந்த மலை வெயிலிலும் நிற்கிறது, 51 சென்டிமீட்டர் மழையிலும் நின்றது. அதற்கு எந்த விலக்கும் கிடைக்கவில்லை. நனைந்துகொண்டே தன் மேல் இருக்கிறவரைச் சுமந்துகொண்டிருந்தது. வாகனம் என்றால் சுமப்பது. தவத்துக்குக் கிடைத்த பலன் சுமக்கும் பலம்.

புயல் அடித்த வாரம் அதைக் கண்ணால் பார்த்தேன். நம்ம குழுவில் வீடு நனையாதவர்கள் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தார்கள். ஒரு அண்ணன் டிராக்டரில் குடிதண்ணீர் கேன் ஏற்றிப் போனார். காலேஜ் படிக்கிற பசங்களோடு உட்கார்ந்து நான் நனைந்த மார்க்‌ஷீட்டுகளைப் பேப்பருக்கு நடுவில் வைத்துக் காயவைத்தேன், போனவற்றுக்கு நகல் கேட்டு விண்ணப்பம் போட்டேன். ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு கை. அந்த வாரம் அந்தக் கைகள் டிராக்டர் ஓட்டின, சோறு வடித்தன. 'முருகன் எங்கே இருந்தான்' என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். இது முழுப் பதில் இல்லை. இறந்தவர்களை இது திருப்பித் தராது.

அதனால் இந்த மழைக்காலத்துக்கு அடியார்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. 'முருகன் காப்பாற்றினான்' என்று குழுவில் போடுவதற்கு முன்னால், அதே குழுவில் இழந்தவர் யாராவது இருக்கிறாரா என்று ஒரு நிமிஷம் பாருங்கள். நன்றியைப் பூஜை அறையில் சொல்லுங்கள், அவனுக்குக் கேட்கும். இழந்தவரிடம் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். வினை, சோதனை, ஜாதகம் எதுவும் வேண்டாம். சொல்ல வார்த்தை இல்லையென்றால் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். வாரா வாரம் இருபது நிமிஷம் பேசாமல் உட்காரப் பழகியவர்கள்தானே நாம்?

இரண்டு. வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். வேல் காக்கும் என்று தண்ணீர் ஏறும் வீட்டில் இருப்பது பக்தி ஆகாது. ரமணரே இடம் மாறியிருக்கிறார். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்கள். சான்றிதழ், பட்டா, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மழை பலக்கும்போதே மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள்.

மூன்று. நம்ம தெருவில் நடக்க முடியாதவர்கள், தனியாக இருக்கிற பெரியவர்கள், கர்ப்பிணிகள் யார் யார் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை தியானம் முடிந்ததும் ஒரு பட்டியல் போடுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் யார் போய்க் கூட்டி வருவது என்று இரண்டு பேரின் பெயரை எழுதுவோம். இதையும் ஜபத்தின் ஒரு பகுதியாக நினைத்துச் செய்வோம்.

தியானத்துக்கு வருவதை நிறுத்தியவர்கள் திரும்பி வந்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. முருகனிடம் கோபம் இருந்தால் கோபத்தோடு இருங்கள். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போனவன் அவன், கோபித்துக்கொண்டவர்களின் மனசு அவனுக்குத் தெரியும். உங்களுக்கான இடத்தில் பாய் விரித்தே வைத்திருப்போம்.

மழை பெய்யட்டும். ஏரி நிறையட்டும், நெல்லும் கரும்பும் விளையட்டும். அளவு மீறினால் ஒருவரை ஒருவர் சுமக்கும் பலத்தை மயிலத்து அப்பன் நமக்குக் கொடுக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.