முப்பத்தேழில் முடிந்தவர்கள்

ரஃபேல், ராபர்ட் பர்ன்ஸ், புஷ்கின், வான் கோ, ரிம்போ, ரோசலிண்ட் பிராங்க்ளின் ஆகிய ஆறு பேருக்கும் பொதுவாக மொழி இல்லை, நாடு இல்லை, துறையும் இல்லை. இரண்டு ஓவியர்கள், மூன்று கவிஞர்கள், ஒரு விஞ்ஞானி. ஆறு பேரும் இறந்தது 37 வயதில்.

இறந்த வயதைச் சொல்வதிலும் கணக்கு கொஞ்சம் வழுக்கும். பாரதியார் 39 வயதில் மறைந்தார் என்றே பலரும் சொல்கிறார்கள். 1882 டிசம்பரில் பிறந்து 1921 செப்டம்பரில் இறந்தவருக்கு முடிந்த வயது 38தான். நடப்பு வயதைச் சொல்வது நம் வழக்கம். ரஃபேல் 1483-ல் பிறந்தது மார்ச் 28-ஆ, ஏப்ரல் 6-ஆ என்பதில் இன்றும் இழுபறி உண்டு. அவர் இறந்தது 1520 ஏப்ரல் 6 என்பதால், எந்தத் தேதியை எடுத்துக்கொண்டாலும் 37 வருகிறது.

ஒரே வயதில் பல மரணங்கள் வந்தால் அந்த எண்ணுக்கே ஒரு கண்டம் இருப்பதாக மனம் கதை கட்டிவிடும். பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன் என நான்கு இசைக்கலைஞர்கள் 1969 முதல் 1971 வரையிலான இரண்டே ஆண்டுகளில் 27 வயதில் இறந்தபோது அப்படித்தான் ஆனது. 2011-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 27-க்குத் தனி ஆபத்து எதுவும் இல்லை என்று காட்டியது. புகழ்பெற்ற இசைக்கலைஞர்களுக்கு இருபதுகளும் முப்பதுகளுமே ஆபத்தானவை என்பதுதான் அதில் தெரிந்தது. 37-க்கும் மாயம் ஒன்றும் கிடையாது. ரஃபேலுக்குக் காய்ச்சல், புஷ்கினுக்கு ஒண்டிக்கு ஒண்டித் துப்பாக்கிச் சண்டை, வான் கோவுக்குத் துப்பாக்கிக் காயம், ரிம்போவுக்கும் பிராங்க்ளினுக்கும் புற்றுநோய். 1520-க்கும் 1958-க்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் சிதறிக் கிடக்கும் சாவுகள் இவை.

வயது பிறப்பிலிருந்து எண்ணப்படுகிறது. வேலை அங்கிருந்து தொடங்குவதில்லை என்பதால், ஆறு பேரின் 37-ம் ஒரே அளவு ஆவதில்லை. ஓவியரின் மகனாகப் பிறந்த ரஃபேலை 17 வயதிலேயே ஓர் ஒப்பந்தப் பத்திரம் தேர்ந்த ஓவியர் என்று குறிப்பிடுகிறது. அவருக்கு இருபது ஆண்டு உழைப்பும், பெரிய பட்டறையும், வாத்திகன் மாளிகைச் சுவர்களும் கிடைத்தன. வான் கோவுக்கு வாய்த்தது அதில் பாதிதான். ஓவிய வணிக நிறுவனம், பள்ளிக்கூடம், புத்தகக் கடை, பெல்ஜியச் சுரங்கத் தொழிலாளரிடையே மதப் பிரசாரம் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, 1880-ல், 27 வயதில்தான் ஓவியர் ஆவது என்று முடிவெடுத்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் ஓவியங்கள். ராமானுஜன் இறந்த வயதில், அதாவது 32 முடிந்து நான்கு மாதத்தில் வான் கோவும் போயிருந்தால், ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ மிஞ்சியிருக்கும், சூரியகாந்திகள் இருந்திருக்காது. ராமானுஜனுக்கோ அதே 32 ஒரு பெரிய கணித வாழ்வுக்குப் போதுமானதாக இருந்தது. சாவு வயதைக் கேட்டதும் ‘அற்பாயுசு’ என்று சொல்லிவிடுகிறோமே, அந்தச் சொல் இங்கே பாதிதான் பொருந்துகிறது.

ரிம்போவின் கணக்கு தலைகீழ். வான் கோ தொடங்கிய வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் எழுத்தை நிறுத்திவிட்டார். புகழ்பெற்ற ‘போதையேறிய படகு’ 16 வயதில் எழுதியது. இருபதை ஒட்டிக் கவிதை முடிந்துபோனது. டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து ஜாவா போனார், அங்கிருந்து ஓடிவந்தார். 1880-ல் ஏடன், பிறகு எத்தியோப்பியாவின் ஹராரில் காப்பி வியாபாரம், துப்பாக்கி வியாபாரம். ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டது பூட்டு வேலை, தச்சு வேலை, மெழுகுவர்த்தித் தயாரிப்பு பற்றிய கையேடுகளை. 1886-ல் அவருடைய கவிதைகள் பாரிஸில் அச்சேறியபோது அவர் ஆப்பிரிக்காவில் சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பதினாறு ஆண்டுகளை வீணான காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது வாசகர்களின் நஷ்டக் கணக்கு. கவிதையை விட்டதற்காக அவர் வருந்தியதற்கு அந்தக் கடிதங்களில் அறிகுறி இல்லை.

பிராங்க்ளினுக்குத்தான் வயது உண்மையிலேயே குறைந்துபோனது. டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டறிய உதவிய எக்ஸ்ரே படம் அவருடைய ஆய்வில் 1952-ல் எடுக்கப்பட்டது. 1956-ல் நோய் தெரிந்த பிறகும் லண்டன் பர்க்பெக் கல்லூரியில் வைரஸ்களின் அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1958 ஏப்ரல் 16-ல் இறந்தார். அவர் உருவாக்கிய வைரஸ் மாதிரி இடம்பெற்ற பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி திறந்தது மறுநாள். 1962-ல் டிஎன்ஏவுக்கான நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது. இறந்தவர் பெயரைப் பரிசுக்குப் பரிசீலிப்பதில்லை. அவரோடு வைரஸ் ஆய்வில் இருந்த ஆரன் குளூக் 1982-ல் வேதியியல் நோபல் பெற்றார். பிராங்க்ளின் உயிரோடு இருந்திருந்தால் அப்போது 62 வயது.

இருப்பவர்களின் கணக்கு ஒன்றும் உண்டு. பர்ன்ஸை 1796 ஜூலை 25-ல் அடக்கம் செய்த அன்றுதான் அவருடைய கடைசி மகன் பிறந்தான். மனைவி ஜீன் ஆர்மர் 1834 வரை இருந்தார். கணவரின் முழு ஆயுளைவிடச் சற்று அதிகமான காலம் அவர் கைம்பெண்ணாகக் கழித்தார். வான் கோ இறந்து ஆறே மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தம்பி மனைவி யோஹன்னாவின் கையில் இருந்தவை ஒரு கைக்குழந்தை, யாரும் வாங்காத ஓவியங்கள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அவர் படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார், பார்த்துப் பார்த்து விற்றார், 1914-ல் கடிதங்களைப் பதிப்பித்தார். 1925-ல் இறக்கும்போது அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை பாதியில் இருந்தது.