உள்ளே இருக்கும் பலகை

எங்கள் பாட்டி மண்பானை வாங்குவதைப் பார்க்க வேண்டும். வாசலில் குயவர் வந்து பத்துப் பானைகளை வரிசையாக வைத்தால், அவற்றின் அழகை அவள் கவனிக்கவே மாட்டாள். ஒவ்வொன்றாக இடக்கையில் தூக்கி, வலக்கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். ‘கணீர்’ என்றால் இந்தப் பக்கம். ‘தொப்’ என்றால் அந்தப் பக்கம். தேங்காய்க்கும் அதே பரீட்சைதான். கண் ஏமாறும், காது ஏமாறாது என்பது அவளுடைய கட்சி.

அப்படிப்பட்டவளின் பேரன், என் தம்பி, ஒரு படகைத் தட்டிப் பாராமல் வாங்கிவிட்டான்.

தம்பி அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறான். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ள ஊர் அது. வண்டிகளின் நம்பர் பலகையிலேயே அந்தப் பெருமையை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே படகு வைத்திருப்பது நம் ஊரில் சைக்கிள் வைத்திருப்பது போல. போன கோடையில் நான் மூன்று மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, 14 அடி நீளமுள்ள ஒரு பழைய அலுமினிய மீன்பிடிப் படகை 700 டாலருக்கு வாங்கி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். புதிதாக வெள்ளி வர்ணம் பூசிப் பளபளவென்று இருந்தது. அண்ணியும் பிள்ளைகளும் கூட வரவில்லையே என்று எனக்கு ஆரத்தி எடுக்காத குறையாக வரவேற்பு நடந்த அந்த வீட்டில், அன்று முதல் எனக்கு இரண்டாம் இடந்தான்.

இந்த அலுமினியப் படகுக்கு ஒரு சிறு பூர்வோத்தரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் செய்த க்ரம்மன் கம்பெனியின் அதிகாரி ஒருவர், 1944இல் மலைப் பிரதேசத்துக்கு உல்லாசமாகப் போனவர், கனமான மரத்தோணியைத் தலையில் சுமந்து அலுத்துப்போனாராம். விமானத் தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. யுத்தம் முடிந்தது, குண்டு போட உதவிய உலோகம் மீன் பிடிக்க வந்துவிட்டது. உலகத்தில் இப்படி நல்ல திசையில் நடக்கும் மாறுதல்கள் அபூர்வம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அலுமினியம் காற்றுப் பட்ட மாத்திரத்தில் தன்மேல் தானே ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அதனால் நல்ல தண்ணீரில் அது ஐம்பது வருஷம் கிடந்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனால் படகின் பின்புறத்தில், மோட்டாரை மாட்டும் இடத்தில், தகடு மட்டும் போதாது. சுமார் 35 கிலோ எடையுள்ள மோட்டார் அங்கே தொங்குகிறது. தொங்குவதோடு படகு முழுவதையும் முன்னால் தள்ளுகிறது. அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காக இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளைவுட் பலகையைச் செருகி வைத்திருப்பார்கள். வெளியே தெரிவது சாகாத உலோகம். பாரம் சுமப்பதோ உள்ளே இருக்கும் சாகக்கூடிய மரம்.

அடுத்த வீட்டுக்காரர் நார்வே வம்சத்து முதியவர். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் காப்பிக் கோப்பையுடன் வந்தார். படகைச் சுற்றி நடந்தார். பிறகு ஒரு சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மரப்பிடியால் பின்பலகையை இந்தக் கோடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக், தொப். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டியின் காது பூமியின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் இருக்கும் என்று யார் கண்டார்கள்? அவர் ஒரு திருப்புளியை வாங்கி ஆணித்துவாரத்தில் வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது அதோடு வந்தது மரமல்ல. ஈரக் காப்பிச் சக்கை.

மரத்தின் சமாசாரம் விசித்திரமானது. நன்றாக உலர்ந்த மரம் மக்குவதில்லை. நீருக்கடியில் காற்றே படாமல் மூழ்கிக் கிடக்கும் மரமும் எளிதில் மக்குவதில்லை. வெனிஸ் நகரத்து மாளிகைகள் சேற்றில் நட்ட மரக்கம்பங்களின் மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. ஈரமும் இருந்து காற்றும் இருந்தால்தான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். படகின் பின்பலகையில் இரண்டும் உண்டு. ஆணித் துவாரங்களின் வழியே சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். இரு பக்கமும் தகடு மூடியிருப்பதால் ஏறி வர வழியில்லை. மரத்தைக் காப்பாற்றப் போட்ட கவசமே அதை மக்க வைக்கிறது. ஒருநாள் நடு ஏரியில், மோட்டார் பலகையைப் பிய்த்துக்கொண்டு போனால், அது போன வழியே தண்ணீர் உள்ளே வரும். மின்னசோட்டா ஏரித் தண்ணீர் மே மாதத்தில்கூட எலும்பைக் கடிக்கும்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். வாசகர்கள் என் கதைகளைப் படித்துவிட்டு என்னைப் பற்றி எப்படிப்பட்ட அபிப்பிராயம் வைத்திருந்தாலும், உண்மையை எழுதிவிடுகிறேன்.

“இப்ப என்ன கெட்டுப் போச்சு? பெயிண்ட் பளபளன்னுதானே இருக்கு? வாங்கின விலைக்கே வேற யாருக்காவது தள்ளி விட்டுடு. நீயா இதை மக்க வச்சே?”

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “நம்ம மதுரை ஸ்கூட்டர் மாதிரியா, அண்ணே?” என்று கேட்டான். குத்திக்காட்டும் குரலல்ல, நிஜமாகவே கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அந்த ஸ்கூட்டர் கதை இதுதான். 2004ஆம் வருஷம். கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு, சிறுசிறு வேலைகள் பார்த்துக்கொண்டு கதை எழுதிக்கொண்டிருந்த காலம். பழைய ஸ்கூட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினேன். ஆறு மாதம் கழித்து, கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடித்தகடு துரு தின்று சல்லடையாகக் கிடந்தது. எனக்கு விற்றவன் மேலே பட்டி பூசி மறைத்திருந்தான். நானும் சிம்மக்கல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மறுபடி பட்டி பார்த்து, வர்ணம் அடித்து, புது விரிப்பு ஒன்றையும் போட்டு விற்றுவிட்டேன். வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் இந்தத் தம்பிதான். வாங்கியவர் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் வேலை பார்த்தவர். பேரம் பேசக்கூடத் தெரியவில்லை. சொன்ன விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு, கூட வந்த நாலு வயதுப் பையனைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டார். நம் ஊரில் குழந்தை நிற்கும் இடம் அதுதானே! என் பட்டியின் மேல் அந்தக் குழந்தை நின்றது. வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

ஏமாந்தவன் ஏமாற்றலாமா? இதை நேராகக் கேட்டால் எல்லோரும் “சேச்சே!” என்போம். ஆனால் பஸ் கண்டக்டர் அவசரத்தில் திணித்த கிழிந்த நோட்டை நாம் என்ன செய்கிறோம்? மடித்து, ஒட்டு உள்ளே போகும்படி வைத்து, சாயங்கால வெளிச்சத்தில் பூக்காரியிடம் நீட்டுகிறோம். வங்கிக்காரரிடம் நீட்டுவதில்லை, அவர் பிரித்துப் பார்ப்பார். மளிகைக்கடைச் செட்டியாரிடமும் நீட்டுவதில்லை. யாருக்குக் கண் மங்கலோ, யாருக்கு அவசரமோ, யாருக்குச் சண்டை போடத் தெரியாதோ, அவரைத் தேடித்தான் கொடுக்கிறோம். நஷ்டம் கை மாறும்போது சும்மா மாறுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் தண்ணீர் போல், தட்டிப் பார்க்கத் தெரியாத ஆளிடம் போய்த்தான் நிற்கிறது. நான் அந்த ஜவுளிக்கடைக்காரரைத் தேர்ந்தெடுத்தேன். அவருக்கு முன்பு பார்க்க வந்த ஒரு மெக்கானிக்கிடம், வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பி குடியிருக்கும் ஊரில் ஓர் அருமையான பொது நூலகம் இருக்கிறது. மனம் சரியில்லாததால் அங்கே போய் உட்கார்ந்தேன். ரோமாபுரிச் சிசரோ கி.மு. 44இல் தன் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், எனக்காகவே எழுதியது போல் ஒரு வழக்கு கிடைத்தது. ஒருவன் தன் வீட்டை விற்கிறான். உத்தரம் பழுது, அறைகளில் பாம்பு நடமாட்டம். விஷயம் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? பாபிலோன் ஊர் டயோஜினிஸ் வேண்டாம் என்கிறார்: அவன் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வாங்குகிறவனுக்குக் கண் இருக்கிறது, தன் சரக்கின் குறையைத் தானே தமுக்கடிக்கும் மூடன் எங்கே உண்டு? அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் குருவையே மறுக்கிறார்: வழி தப்பியவனுக்கு வழி சொல்லாமல் விடுவதைவிட இது கேடு. சிசரோ சீடரின் பக்கம் சேர்ந்துகொள்கிறார்.

டயோஜினிஸை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது என்று எனக்குப் பட்டது. சொல்லாமலிருப்பது ஒன்று, பொய் சொல்வது வேறொன்று. வியாபாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் சந்தையே நடக்காது. ஆனால் பாவம், அந்தப் பெரியவர் வாயைப் பற்றி மட்டுமே யோசித்தார். நாமோ வாயைத் திறக்காமல் தூரிகையை எடுத்துக்கொள்கிறோம். வர்ணம் பேசாதா? ‘நான் நன்றாயிருக்கிறேன்’ என்று அது சொல்லிக்கொண்டே நிற்கிறதே! அதற்குப் பக்கத்தில் நின்று மௌனம் சாதிப்பவன் மௌனியா?

தம்பி என் யோசனையைக் கேட்கவில்லை. குறையைச் சொல்லி, கிடைத்த விலைக்கு விற்றிருக்கலாம். அது யோக்கியமான வழிதான். அவனுக்கு ஏனோ செப்பனிட வேண்டும் என்றே இருந்தது. மூன்று சனி, ஞாயிறுகள் பிடித்தன.

வர்ணத்தைச் சுரண்டியபோது ஒரு சங்கதி வெளிப்பட்டது. வெள்ளி வர்ணத்துக்குக் கீழே பச்சை வர்ணம். பச்சைக்குக் கீழே துவாரங்களை அடைத்திருந்த வேறொரு பழைய மெழுகு. ஆக, தம்பிக்கு விற்றவனும் ஒருவேளை ஏமாந்தவன்தான். இந்தப் பொய் எத்தனை கைகள் மாறி வந்ததோ! அதுவரை அந்த மனிதனைத் திட்டிக்கொண்டிருந்த தம்பி, அதன்பிறகு திட்டவில்லை. எனக்கோ முன்னைவிடக் கோபம் வந்தது. மக்க வைத்தவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்ள, கடைசியில் நிறுத்துகிறவன் மட்டும் அத்தனை பேருடைய கடனையும் கட்ட வேண்டுமா? இது என்ன நியாயம்? எவ்வளவு யோசித்தும் நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. கட்டாவிட்டால் யார் கட்டுவார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அந்த நாலு வயதுப் பையனுக்கு வயது ஏறுவதேயில்லை.

புதுப் பலகை வாங்கப் போனபோது இன்னொரு ஆபத்து. மக்கவே மக்காத மருந்திட்ட மரம் என்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. தம்பி அதைக் காரில் ஏற்றிவிட்டான். முதியவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த நாட்டில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் செம்பு அதிகம். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் செம்பு பிழைக்கும், அலுமினியம் அரித்துப் போகும். சாகாத மரம் படகைக் கொன்றுவிடும்! கெடவே மாட்டேன் என்று சங்கற்பம் செய்துகொண்ட சில உத்தமர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்க நேர்ந்தவர்களுக்கு இது புரியும்.

கடைசியில் போட்டது படகுக்கென்றே வரும் பிளைவுட். அதுவும் மக்கக்கூடியதுதான், உள்ளே பொந்து இல்லாமல், நீருக்கு அசையாத பசையால் ஒட்டியிருப்பார்கள், அவ்வளவே. முக்கால் அங்குலப் பலகை இரண்டைச் சேர்த்து ஒட்டி, எல்லாப் பக்கமும் எபாக்ஸி பிசின் பூசினோம். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று தடவை. மரம் நீர் குடிப்பது ஓரத்து வாயால்தான். ஆணித் துவாரத்தைப் பெரிதாகக் குடைந்து, பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே மறுபடி துளைத்தோம். இப்போது ஆணி பிசினைத் தொடும், மரத்தைத் தொடாது. இத்தனையும் தகடு மூடியதும் யார் கண்ணிலும் படப் போவதில்லை.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று சுத்தியலால் அடிக்க, மற்றவர் உள்ளே ஓர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். வெளியே முதியவர், உள்ளே நான். இருவருக்கும் நடுவே பலகை, முகம் தெரியாது. அவர் அடிக்கிற ஒவ்வொரு அடியும் என் மணிக்கட்டில் வந்து இறங்கிற்று. தாங்குகிறவன் ஒரு கணம் அசந்தால் ஆணித்தலை கோணிவிடும். எழுத்து வேலையில் எனக்கு அப்படிக் கை வலித்ததில்லை.

முடிந்த பிறகு தம்பி, “பலகை புதுசு, ரிவெட் புதுசு, இது பழைய படகுதானா, அண்ணே?” என்று சிரித்தான். ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலுக்குப் பலகை மாற்றிக்கொண்டே வந்ததையும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதாடியதையும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அழகான கேள்விதான், ஆனால் கழற்றிய பலகையை அடுத்தவன் தலையில் கட்டாதவர்கள் ஓய்வாக உட்கார்ந்து கேட்க வேண்டியது. படகுக்கு ஆன செலவு படகின் விலையைத் தாண்டிவிட்டது.

ஊர் திரும்பியதும் அந்த ஜவுளிக்கடைக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். பெயர்கூட எனக்குச் சரியாக நினைவில்லாததால் என்னவென்று விசாரிப்பது? ஸ்கூட்டரும் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் விட்டோம். மோட்டார் உறுமிப் படகு வேகம் பிடித்ததும், தம்பியின் ஆறு வயது மகள் பின் ஆசனத்திலிருந்து எழுந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கை தானாகப் பின்னால் போய், விரல் முட்டியால் பலகையைத் தட்டியது. சிறிது தள்ளி மறுபடியும் தட்டினேன்.

“பெரியப்பா, உள்ளே யாரு இருக்காங்க?” என்றாள்.

“யாருமில்லை, நீ உட்காரு” என்றேன். இன்னொரு தடவை தட்டிக்கொண்டேன்.