கருவியைப் பேணுதல்: சிக்கனமா, நீதியா?

மேலூர்ப் பேருந்து நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில், ஒரு குறுகிய தெருவில் மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்று உண்டு. ஆலயத் திருவிழாவுக்கு நான்கு நாட்களே இருந்த வேளையில், பழுதாகிப்போன எங்கள் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு அங்குச் சென்றேன். கடைக்காரப் பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, பதினைந்து கால்கள் கொண்ட ஒரு ஐ.சி. எரிந்துவிட்டதாகவும், அதைக் கழற்றிப் புதிதாகப் பொருத்த வேண்டும் என்றும் கூறினார்.

"இன்று மாலைக்குள் முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது சாமி. கழற்றுகிற மெஷின் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் உங்கள் போர்டில் கை வைக்க மாட்டேன்" என்றார்.

எனக்குச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வாடிக்கையாளரின் அவசரத்தைவிடத் தம் கருவியின் நலம் இவருக்குப் பெரிதாகிவிட்டதே என்று எண்ணினேன். ஆயினும் அங்கேயே அமர்ந்து அவர் செய்வதைக் கவனித்தேன். அந்த ஒரு மணி நேரம் என்னுள் எழுப்பிய கேள்வியையே வாசகர்கள்முன் வைக்க விழைகிறேன். ஒரு கருவியைப் பேணிக் காப்பது வெறும் சிக்கனமா? அல்லது அது அறம் சார்ந்த கடமையா?

முதலில் அக்கருவி எத்தகையது என்று சொல்ல வேண்டும். மின்னணுப் பலகையில் உறுப்புகளை ஈயப்பற்றினால் ஒட்டவைக்கிறார்கள். நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் பற்று, 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது. 183 பாகை செல்சியஸில் உருகுவது. ஒட்டியதைப் பிரிப்பதற்குரியதே 'டீசால்டரிங் ஸ்டேஷன்'. அதன் முனை ஊசியைப்போல் துளையுள்ளது. சூடான முனை பற்றை உருக்க, பெட்டிக்குள் இருக்கும் பம்பு உருகியதை உறிஞ்சி, கைப்பிடியில் உள்ள சிறு குழாய் அறையில் சேர்க்கிறது. பெரியவரின் கருவி இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பிறருடைய கழிவை உறிஞ்சுவதே அதன் தொழில் என்பதால், அது அடைபடுவதும் இயல்பே.

முனை சூடாக இருக்கும்போதே மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தித் துளையைத் துலக்கினார். "ஆறிய பிறகு கம்பியைத் திணித்தால், இறுகிய ஈயத்தோடு மல்லுக்கட்டி ஹீட்டரை உடைத்துவிடுவோம்" என்றார். உப்புத்தாளால் தேய்த்தால் என்ன என்று கேட்டேன். கூடாதாம். செம்பு முனையின்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. அது தேய்ந்தால் ஈயமே செம்பை அரித்துவிடும். கருவி ஆறியபின் அறையைக் கழற்றிக் கழிவை ஒரு டப்பாவில் தட்டினார். வெண்மையாக இருக்க வேண்டிய வடிகட்டி, புகை படிந்து பழுப்பேறி இறுகியிருந்தது. அதை மாற்றினார். வெப்பத்தில் விறைத்துப்போன ரப்பர் வளையத்தையும் மாற்றினார். அப்போதும் உறிஞ்சும் வலு குறைவாகவே இருந்தது. பம்பைத் திறந்தபோது, உள்ளிருந்த ரப்பர்ச் சவ்வில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே தேநீர்க் குவளையைத் தொட்டார். காரீயம் நஞ்சு என்பதை அவர் மறக்கவில்லை.

"இத்தனைப் பாடு எதற்கு? அடைப்போடே ஒருமுறை செய்துவிட்டால் என்ன?" என்றேன்.

"பாதி ஈயம் உள்ளேயே நின்றுவிடும் சாமி. வராததை இழுத்தால் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். மெஷின் என்னுடையது, போர்டு உங்களுடையது" என்றார்.

அந்த இறுதி வாக்கியம் என்னைச் சிந்திக்க வைத்தது. முன்பொருமுறை வேறோர் இடத்தில் நான் அவசரப்படுத்தியதால், ஒருவர் ஆலயத்தின் ஒலிக்கருவி ஒன்றை இவ்வாறே தடம் பெயர்த்துக் கெடுத்தார். அன்று அவரைக் குறைகூறினேன். என் அவசரத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சிக்கனம் என்பது என் பணத்தைப் பற்றிய கணக்கு. நீதி என்பது பிறருக்கு உரியதை அவருக்கு அளிப்பது. பழுதான கருவியின் விலையை அதன் உரிமையாளர் மட்டும் கொடுப்பதில்லை. அதனிடம் தம் பொருளை ஒப்படைத்தவரும் கொடுக்கிறார். ஆகவே, பிறருக்காகப் பயன்படும் கருவியைப் பேணுவது நீதியின் பாற்பட்டது என்றே கருதுகிறேன்.

மேலூர் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் கால்வாய் வழியே வந்தே நம் வயல்கள் விளைகின்றன. தலைமடையில் இருப்பவர் தூர் வாராவிட்டால் அவர் வயல் காய்வதில்லை. காய்வது கடைமடைக்காரரின் வயல். அதனால்தான் கால்வாயையும் கண்மாயையும் ஊரே கூடிச் செப்பனிடும் குடிமராமத்து என்னும் முறையை நம் முன்னோர் கடமையாக வைத்திருந்தனர். துறவு வாழ்வுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்டும் ஆறாம் நூற்றாண்டிலேயே, மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பீடத்தின் திருக்கலங்களுக்கு ஒப்பாகக் கருதவேண்டும் எனப் பணித்தார். கருவிகளை அசட்டையாகக் கையாள்பவர் கண்டிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பழையதோடு போராடுவதைவிடப் புதிய கருவி வாங்குவதுதானே வாடிக்கையாளருக்குச் செய்யும் நீதி? கடையில் தொழில் பழகும் இளைஞனும் அதையே சொன்னான். பெரியவர் சிரித்துக்கொண்டே, "புது மெஷினும் முதல் நாளிலிருந்தே அடைக்கத் தொடங்கும் தம்பி" என்றார். பழையதைத் துலக்கப் பழகாதவன் புதியதையும் துலக்கமாட்டான். மேலும், எறியப்பட்டவை எங்கே போகின்றன? ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் கால் பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தபோது, பொருள்களை மட்டுமன்றி மனிதரையும் ஒதுக்கும் மனநிலையையே சுட்டிக்காட்டினார்.

எனினும், பழையது என்பதற்காகவே எதையும் போற்றுவதும் அறமாகாது. பெரியவர் எல்லாவற்றையும் மூடுமுன், மின்கசிவு உண்டா என்றும், நில இணைப்பு சரியாக இருக்கிறதா என்றும் அளந்து பார்த்தார். அது தவறியிருந்தால்? "உடைத்துப் போட்டிருப்பேன். தொழில் பழகும் பையனுக்குக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்" என்றார். ஆபத்தானதை ஏழைக்குத் தானம் செய்துவிட்டு மனநிறைவு கொள்ளும் நம்மில் பலர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். காப்பாற்றத் தூண்டிய அதே நீதியே, கைவிட வேண்டிய இடத்தையும் காட்டுகிறது.

இரண்டாம் நாள் சவ்வு வந்து சேர்ந்தது. குழாயின் வாயில் விரலை வைத்தார். அது விரலை இறுகப் பற்றியது. பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். பழைய பற்றுகளின்மேல் சிறிதளவு புது ஈயத்தை உருக்கி வைத்தார். காய்ந்துபோன பழையது புதியதோடு கலந்தால்தான் இளகுமாம். உருகும்வரை பொறுத்திருந்து உறிஞ்சினார். கடைசித் துளியும் அறைக்குச் சேரும்வரை பம்பை ஓரிரு நொடிகள் கூடுதலாக ஓடவிட்டார். பதினைந்து கால்களும் விடுபட, ஐ.சி. தானாகவே கையில் வந்தது. பலகையில் ஒரு தடமும் பெயரவில்லை.

திருவிழாவன்று அந்த ஒலிபெருக்கியில் மறையுரை ஆற்றினேன். பிறருடைய சுமைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பணியில் இருப்பவன் நான். பெற்றோரும் ஆசிரியரும் செவிலியரும் அப்படியே. வாங்கிக்கொண்டதை இறக்கி வைக்காமல், நம்மைத் துலக்கிக்கொள்ளாமல், அவசரத்தோடு அடுத்தவரைத் தொட்டால் யாருடைய தடம் பெயரும்? ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பிறர் சொல்வதைக் கேட்கும் குருவும் மற்றொரு குருவிடம் மண்டியிட வேண்டும் என்று திருச்சபை வைத்திருப்பதன் பொருளை, குருமடத்தில் கற்றதைவிட அந்தக் கடையில் நான் தெளிவாக உணர்ந்தேன். அடுத்த நாளே மதுரைக்குப் பேருந்து ஏறினேன். நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த என் பாவசங்கீர்த்தனத்தைச் செய்து முடித்துத் திரும்பினேன்.