இரவு 10 மணிக்குப் பிறகு

பெயர் பெறாத ஒரு குழுவின் பாட்டைக் கேட்கும்போது நாம் தனியாகிவிடுகிறோம். நல்ல பாட்டு என்று நமக்கு முன்னால் யாரும் சொல்லி வைக்கவில்லை. மட்டம் என்று ஒதுக்கியவரும் இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, முடிவு சொல்ல நம் காதைத் தவிர வேறு ஆளில்லை. பிடித்துவிட்டால் லேசான பயம்கூட வருகிறது. நமக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதோ என்ற பயம்.

*

அந்தத் தனிமையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் பிரிட்டன் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல். லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹெஸ்வாலில் 1939-ல் பிறந்தவர். பிரிட்டன் கரைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலிலிருந்து உரிமமில்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ லண்டனில் பேசிக்கொண்டிருந்தார். 1967-ல் பிபிசி ரேடியோ 1-ஐத் தொடங்கியபோது அங்கே போனார். 2004-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவருடைய நேரம் இரவு 10 முதல் நள்ளிரவு வரை. மறுநாள் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள். கேசட்டைப் போட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். சில சமயம் அவர் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிடுவார். பிறகு கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்பார். இதுவரை கேட்டிராத பாட்டு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று யாருக்குத்தான் தெரியும்?

*

புதிய குழுக்களுக்கு அந்த நிகழ்ச்சியில் இடம் கிடைத்ததற்கு அவருடைய ரசனை மட்டும் காரணமில்லை. இசைக்கலைஞர் சங்கமும் இசைத்தட்டு நிறுவனங்களும் பிபிசியோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தன. ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு ஒலிபரப்பக் கூடாது. மீதி நேரத்தை மனிதர்களே வாசித்து நிரப்பவேண்டும். வாத்தியம் வாசிப்பவரின் பிழைப்பு போய்விடக் கூடாது என்பது சங்கத்தின் கவலை.

அந்தக் கவலை வேறொரு கதவையும் திறந்துவிட்டது. இசைத்தட்டே வெளியிடாத இளைஞர்களை லண்டனின் மேய்டா வேல் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட முடிந்தது. காலையில் வேனில் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் நான்கு பாட்டு. ஒரே நாளில் பதிந்து, கலவை முடித்து, ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாள்கணக்கில் மெருகேற்ற வாய்ப்பில்லை. அந்த வேகத்தில்தான் பல குழுக்களின் உண்மையான முகம் பதிவாகியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். பின்னாளில் காசு சேர்ந்து, மாதக்கணக்கில் செதுக்கிய ஆல்பங்களில் அந்த முகம் பல தடவை காணாமல் போயிருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு 1988-ல் நீங்கியது. பீலுக்காக இப்படிப் பதிந்த ‘பீல் செஷன்கள்’ நிற்கவில்லை. மொத்தம் 4,000-க்கும் மேல். வந்து வாசித்த குழுக்களும் கலைஞர்களும் 2,000-க்கும் மேல்.

*

1978. வட அயர்லாந்தில் துப்பாக்கியும் குண்டும் அடங்காத காலம். பெல்ஃபாஸ்ட்டில் குட் வைப்ரேஷன்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை டெரி ஹூலி நடத்திவந்தார். டெர்ரி நகரத்துப் பையன்கள் ஐந்து பேர், தி அண்டர்டோன்ஸ் என்ற குழு. அவர்களுடைய ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டை ஹூலி வெளியிட்டார். லண்டன் நிறுவனங்களின் படியேறிப் பார்த்தார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பிரதி பீலின் கைக்குப் போயிற்று.

செப்டம்பரில் ஓர் இரவு அதைப் போட்டார். முடிந்ததும் திரும்ப அதையே போட்டார்.

வானொலியில் அப்படிச் செய்யும் வழக்கமில்லை. நேரத்தை நிமிடக் கணக்கில் பங்கிடும் இடம் அது. ஒரு வளர்ந்த மனிதர், தொழில் தெரிந்தவர், இரண்டரை நிமிடப் பாட்டு ஒன்றைக் கேட்டு நிலைகொள்ளாமல் போனார், அதை மறைக்கவும் இல்லை. அந்த ஒலிபரப்புக்குப் பிறகு சயர் ரெக்கார்ட்ஸின் சீமோர் ஸ்டீன் குழுவை ஒப்பந்தம் செய்தார். பின்னால் வந்த புகழை விட அந்த இரண்டாவது தடவைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்போது பீலுக்கு யாருடைய ஒப்புதலும் கையில் இல்லை.

சஃபோக்கில் கிரேட் ஃபின்பரோ தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. அதில் அந்தப் பாட்டின் ஒரு வரியைப் பொறித்திருக்கிறார்கள்.

*

கசப்பான பக்கமும் இதில் உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

பாடகர் மார்க் போலன், டிரனோசாரஸ் ரெக்ஸ் என்ற பெயரில் இருவராகத் தரையில் உட்கார்ந்து பாடிய காலத்தில், பீல் அவருக்குத் தோழர். போகும் இடமெல்லாம் அவர்களைப் பற்றிச் சொன்னார். 1968-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் ஒரு சிறு கதையை வாசித்தும் இருக்கிறார். பிறகு பெயர் டி. ரெக்ஸ் என்று சுருங்கியது, கூட்டம் பெருகியது. 1971-ல் வந்த ‘கெட் இட் ஆன்’ பாட்டு தனக்குப் பிடிக்கவில்லை என்று பீல் ஒளிக்காமல் சொன்னார். நட்பு தளர்ந்துவிட்டது.

முதலில் கேட்டவருக்கு வரும் இந்த வருத்தத்தைப் பொறாமை என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமில்லை. சின்ன அறையில் பாடும்போது பாடகர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். பாட்டின் நடுவே தந்தி அறுந்தால் எல்லோரும் காத்திருக்கிறீர்கள். அந்த நெருக்கம் உண்மை, அது போனால் வலிப்பதும் உண்மை. ஆனால் முப்பது பேர் வந்து கேட்டால் வாடகை கட்ட முடியாது. வேனுக்குப் பெட்ரோல் போட முடியாது. நாம் நேசிக்கும் குழு பட்டினியாக நம் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று ஆசைப்படும் உரிமை நமக்கில்லை.

*

ஷெஃபீல்டில் பள்ளி மாணவனாக இருந்த ஜார்விஸ் காக்கர் 1981-ல் பீல் அந்த ஊருக்கு வந்தபோது ஒரு டெமோ கேசட்டைக் கையில் கொடுத்தார். அந்த நவம்பரிலேயே அவருடைய பல்ப் குழு செஷனுக்குப் போய்விட்டது. அடுத்தது புகழ்தான் என்று எந்தப் பதினெட்டு வயதுக்காரனும் நினைத்திருப்பான். வரவில்லை. உடனிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆள் மாறி மாறிக் குழு நீடித்தது. அடுத்த பீல் செஷன் 1993-ல். அவர்களுடைய ‘காமன் பீப்பிள்’ பாட்டு பிரிட்டன் முழுக்க ஒலித்தது 1995-ல்.

இடையில் பதினான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பல்ப் பாட்டைக் கேட்டவர்கள் எதிர்காலத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. அன்றைய பாட்டு அன்றைக்கே போதுமானதாக இருந்தது.

*

நிர்வாணா குழு 1989 அக்டோபரில் பீலுக்காகப் பதிந்த செஷனை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தால் புகழ் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. எவ்வளவு முயன்றாலும் என்னால் அதை 1989-ன் காதோடு கேட்க முடியவில்லை. எனக்கு முடிவு தெரியும். ஒவ்வொரு தாளத்திலும் பின்னால் நடக்கப்போவது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் இப்போதெல்லாம் அந்தச் செஷன்களில் எனக்குப் பெயரே தெரியாத குழுக்களைத் தேடிக் கேட்கிறேன். ஓரிரு பதிவோடு மறைந்தவர்கள். அவர்களை மேய்டா வேலுக்குக் கூப்பிட்டதும் பல்பைக் கூப்பிட்டதும் அதே மனிதர், அதே காரணத்துக்காக: பாட்டு பிடித்திருந்தது. தி ஃபால் குழுவை அவர் 24 செஷன்களுக்கு அழைத்தார், 1978 முதல் 2004 வரை. அவர்கள் பெரிய நட்சத்திரங்கள் ஆகவில்லை. அவர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. புகழ் பெறப்போகிறவரைக் கண்டுபிடித்தவர் என்று பீலைப் புகழ்கிறார்கள். எனக்கு அது பாதிப் புகழாகவே படுகிறது. புகழ் பெறாதவர்களையும் அவர் அதே கவனத்தோடு கேட்டார்.

உங்களுக்குப் பிடித்து, ஊருக்குத் தெரியாத ஒரு குழு இருந்தால், ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே யாராவது ஒருவரை உட்கார்த்தி வைத்துக் கேட்கச் செய்யுங்கள். அந்தக் குழு பாட்டை விற்கிறது என்றால் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். அவர்களுக்கு ஒரு வரிக் கடிதமும் எழுதுங்கள்.